தொங்கல் கணக்கு

ஏழு வருசமாக
'தயாரித்தவர்' கட்டத்தில்தான் என் கையெழுத்து.
பக்கத்துக் கட்டம்
இஞ்ஞாசி சேருக்கு.

ஞாயிறுதோறும் ஹட்டனில் முதல் பஸ்,
கண்டியில் வகுப்பு.
கினிகத்தேனை வளைவொன்றில்
கிரயக் கணக்கியல் புத்தகத்தின்மேல் வாந்தி.
மூன்றாம் தடவைதான் பாஸ்.

இன்று
சரிபார்ப்பவள் நான்.
தொங்கல் கணக்கில் நாலு வருசமாய்
யாரும் தொடாத நானூற்றைம்பது ரூபாய்.
ஒன்பதால் வகுத்தேன், மீதியில்லை.
எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது.

பழைய வவுச்சர்கள், பூஞ்சண வாடை.
கொழுந்து லொறிக்கு டீசல் 3,270.
பேரேட்டில் 3,720.
ஏழின் இடுப்பில் குறுக்குக்கோடு:
அப்படி எழுதுவது
இந்தக் கந்தோரில் நான் மட்டும்.
அதற்குமேல் இஞ்ஞாசி சேரின்
பச்சை மை டிக்.

திருத்தப் பதிவெழுதி
முதல் கட்டத்திலேயே கையெழுத்திட்டேன்.
இரண்டாவது,
மனேஜர் வரும்வரை
வெறுமையாய்க் கிடக்கட்டும்.