வெள்ளை மரம் தெரியிற வரைக்கும்

செவ்வாய்க்கிழமை கிளினிக்.
பதுளையில் விடியலிலிருந்தே தூறல்.
நாற்பத்தியோராம் நம்பர் துண்டோடு வந்த சன்னாசி
சொல்லும் முன்பே வாயைத் திறந்தார்.
இரண்டு விரல் நுழையுமளவுதான் திறந்தது.

டொக்டர் நிலந்தி எகொடவெல டோர்ச்சை அணைத்துவிட்டு
தாளில் ஒரு தாடை வரைந்தார்.
அவருக்கு வரைய வராது,
தாடை லாடம் மாதிரி இருந்தது.
அதில் பாதியைப் பேனாவால் அடித்தார்.
அவர் சிங்களத்தில் சொல்ல நான் தமிழில் சொன்னேன்:
இடது பக்க எலும்பு போகும்.
கழுத்துக் கட்டிகளும் போகும்.
நெஞ்சிலிருந்து சதையைத் திருப்பிக் கொண்டுவந்து
கன்னத்தில் தைப்போம்.

எனக்கு உத்தியோகம் வார்ட்டில் பெட்பான் கழுவுவது.
மொழிபெயர்ப்பு என் சம்பளச் சீட்டில் இல்லை.

புண்ணைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர்
நல்ல சதையையும் எடுக்க வேண்டும் என்றார்.
அதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லை
'ஓரம்' என்று மாற்றிப் போட்டேன்.
சன்னாசிக்குப் பிடிபடவில்லை.
"நல்லத ஏன் வெட்டணும்?
அது என்னா குத்தம் செஞ்சிச்சு?"

டொக்டர் என்னைப் பார்த்தார்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
தோட்டத்தில் என்ன வேலை என்று கேட்டேன்,
சும்மா, நேரம் கடத்த.

"கவ்வாத்து" என்றவர் அப்படியே நின்றார்.
வலது கை தானாகக் கத்தி பிடித்திருந்தது.
"உளுத்த வாத வெட்டுறப்ப
கறுப்பு முடியிற எடத்துல நிப்பாட்டக் கூடாது.
வெள்ள மரம் தெரியிற வரைக்கும் போகணும்.
அதுக்கும் கீழ ஒரு வெட்டு. சாய்ச்சு.
தண்ணி நிக்காம."
பிறகு,
"எங்க கையெழுத்து வைக்கணும்?"

இதைச் சிங்களத்தில் சொன்னேன்.
எத்தனை வருஷமாக வெட்டுகிறார் என்று கேட்டார் டொக்டர்.
முப்பத்திரண்டு.
"என்னைவிடப் பதினெட்டு கூட."

மயக்கம் கொடுக்குமுன் சன்னாசி கேட்டது
உயிரைப் பற்றியல்ல:
"இன்னைக்குப் பேர் விழுமா?"
டொக்டர் நெற்றியைச் சுருக்கினார்.
பேர் என்றால் பெயர்தானே,
கட்டில் தலைமாட்டில் எழுதியிருக்கிறதே.
ஒரு நாள் கூலியைத்தான் நாங்கள் பேர் என்போம் என்றேன்.
மலைக்குப் போகாத நாள் பேரில்லாத நாள்.
மாஸ்க்குக்கு மேலே அந்தக் கண்கள்
கொஞ்ச நேரம் என்னிடமே நின்றன.

எட்டே முக்காலுக்குத் தொடங்கியது.
மதியத்துக்குள் ஒரு துண்டு சதை
டப்பாவில் லேபுக்கு ஓடியது.
தூக்கிக்கொண்டு ஓடியது நான்.
தியேட்டரில் எல்லாரும் கை கட்டி நின்றார்கள்.
போன் வந்தது:
பின் ஓரத்தில் இன்னும் இருக்கிறது.
டொக்டர் ஒன்றும் சொல்லவில்லை, கத்தியைக் கேட்டார்.
நாக்கின் வேர்ப் பக்கம்.
அந்த வெட்டில் சன்னாசியின் 'ழ' போனது,
'ற' போனது,
மகளைக் கூப்பிடும் பெயரில் பாதி போனது.
தெரிந்துதான் வெட்டினார்.
மறுபடி ஓடினேன். மறுபடி போன்.

மாலையில் உடுப்பு மாற்றும் அறையில்
டொக்டர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தார்.
உடைந்து விழுந்தது.
அதை எடுக்காமலே குடித்தார்.

பதினான்காம் நாள் ரிப்போர்ட்.
நான் வாயெடுக்கும் முன் கையால் நிறுத்தி
எழுத்துக் கூட்டுவதுபோல் தமிழில் சொன்னார்:
"வெள்ளே மரம்."

சன்னாசிக்கு மூக்கில் குழாய், பேச முடியாது.
பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார்:
எவ்வளவு?
டொக்டர் பொய் சொல்லவில்லை.
தன் விரல்களைக் கிட்டத்தட்ட ஒட்டிக் காட்டினார்.
இரண்டு மில்லிமீட்டர்.
அந்த இடைவெளியைச் சன்னாசி
தலை சாய்த்து வெகுநேரம் பார்த்தார்,
வேறொருவன் வெட்டிய செடியைப் பார்ப்பதுபோல.

கரண்ட் பிடிக்கத் தேதி கொடுத்தார்கள்.
தோட்டத் துரைக்கு ஒரு கடிதமும்,
டொக்டர் கையாலேயே, சிங்களத்தில்.
'பேர்' மட்டும் தமிழில்,
என்னிடம் எழுத்துக் கேட்டு எழுதியது.

ஆறு மணி பஸ்ஸில் இடம் கிடைத்தது.
மடியில் வெற்றிலையும் பொயிலையும் இருந்தன.
அவிழ்க்கவில்லை.
இடது கன்னத்தின் உட்புறத்தை
நாக்கால் தடவிப் பார்த்தேன்.
வழவழப்பு.
பிறகு, ஹாலிஎல தாண்டியதும்,
வலது.