அறுபத்தொரு கிலோ

பீல் நகரத்தில், ரயில் பாதைக்குப் பின்னால்
ஏபிஷரின் பட்டறையில் நிற்கிறது அது.
கார் என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்:
இரண்டு தோணிகளை அருகருகே கட்டி
நடுவில் காற்றுக்கு வழி விட்டதுபோல்.
வலத்தோணியில் எஞ்சின்.
இடத்தோணியில் ஆள்.

டூரினில் தல்மாசோ என்றொருவர்
ஐம்பத்து நான்கில் போட்ட கணக்கு:
எஞ்சினுக்கு எதிர்த்தட்டில் பெட்ரோல், பாட்டரி,
மிச்சத்துக்கு, சப்பாத்தோடு சேர்த்து,
அறுபத்தொரு கிலோ மனிதன்.

எலியோ சரியாக அறுபத்தொன்று.
மூன்று சோதனை ஓட்டம், நூல் பிடித்ததுபோல் நேராக.
பிறகு எலியோவுக்குக் கலியாணம் ஆனது.
மாமியார் நன்றாகச் சமைப்பவள்.
கார் இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது.

தல்மாசோ வரைபடத்தைத் திருத்தவில்லை,
மாப்பிள்ளையைத் திருத்தச் சொன்னார்.

மறு வருஷம் மலைப்பந்தயத்துக்கு இங்கே வந்தது.
பந்தயம் நடக்கவில்லை. விடுதிக் கணக்கும் தீரவில்லை.
அடகாய் நின்றுவிட்டது.
கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பென்சிலில்:
‘மணல் மூட்டை உதவாது.
மணலுக்கு வளைவில் பயம் வராது.’

நேற்று ஏபிஷர் கணக்கறைக்கு வந்து
கூரையைப் பார்த்தபடி என் எடை கேட்டார்.
இந்த ஊரில் ஒருவர் கேட்கிற கேள்வியா அது?
சொன்னேன்.

இன்று ஏரிக்கரைச் சாலை. இரண்டாம் கியர்.
தலைக்கவசத்துக்குள் கொண்டை அடங்கவில்லை.
எனக்கும் எஞ்சினுக்கும் நடுவே
எழுபது வருஷம் காத்திருந்த காற்று
அவசரமாகப் போகிறது.

வளைவு.
யாரும் சொல்லாமலே உடம்பு சாய்கிறது.
மணல் இதைச் செய்யாதுதான், தல்மாசோ.

ஆனாலும் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கிறது.
காலையில் தின்ற
இரண்டாவது பாண் துண்டு.