கால்வாய்ப் பாலத்தில் நிற்கும் குதிரை

தம்பி ஷார்ஜாவுக்குப் போகும்போது
இரண்டு கடனையும் ஒரு குதிரையையும்
என் தலையில் கட்டிவிட்டுப் போனான்.
கடனுக்கு மாதத் தவணை.
குதிரைக்கு நாள் தவணை:
கொள்ளு, புல்லு, கோதுமைத் தவிடு.

எங்கள் ஆட்களின் பெயருக்குப் பின்னால் ராவுத்தர் ஒட்டியிருக்கிறது.
குதிரை வீரன் என்று அர்த்தமாம்.
அத்தா விற்றது கோரைப்பாய்,
அவருடைய அத்தா புகையிலை.
எனக்குத் தெரிந்து சேணத்தைத் தொட்ட முதல் ராவுத்தர்
நாற்பத்திரண்டு வயதில்
நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு
கொழிஞ்சாம்பாறைச் சந்துக்குள் நிற்கிற நான்.

முதல் வாரம் நேராகப் போய் நெற்றியைத் தொட்டேன்.
வெடுக்கென்று தலையைத் தூக்கினாள்.
திமிர் என்று நினைத்தேன்.
மூக்குக்கு நேர் முன்னால் அதுக்குக் கண் தெரியாது அக்கா என்றான்
லாடம் அடிக்க வந்த சூசைமாணிக்கம்,
ஆணியை உதட்டில் கடித்தபடி.
அதன்பிறகு பக்கவாட்டில் போகிறேன்,
பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண்ணருகே
உட்காரப் போகிறவளைப் போல.

ஊர்வலத்துக்குக் கேட்டு வருகிறவர்கள் மலையாளத்தில் பேரம் பேசுவார்கள்.
நான் தமிழில் இறங்க மாட்டேன் என்பேன்.
அவள் ஒரு காதை அவர்கள் பக்கமும்
ஒரு காதை என் பக்கமும் திருப்பி வைத்திருப்பாள்.
மாநில எல்லை அந்த நெற்றி மயிர் வழியாகத்தான் போகிறது.
இரண்டு காதும் பின்னால் படிந்துவிட்டால்
அந்த வீட்டாரிடம் அட்வான்ஸ் வாங்குவதில்லை.
பின்னங்காலை நுனிக்குளம்பில் மடக்கி நின்றால்
என்மேல் நம்பிக்கை, இல்லையென்றால் தூக்கம்.
எது என்று இன்னும் பிடிபடவில்லை.

சண்டை ஒரே ஓர் இடத்தில்தான்.
வேலந்தாவளம் ரோட்டில் கால்வாய்ப் பாலம்.
சரியாக அதன் வாயில் நான்கு காலையும் நட்டுக்கொள்வாள்.
வெல்லம் காட்டினேன். ஏசினேன். கெஞ்சினேன்.
பின்னால் கோழி லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான்.
டாக்டர் வந்து கண்ணிலே டார்ச் அடித்துப் பார்த்துக்
கண் சுத்தம், குளம்பு சுத்தம், முந்நூறு ரூபாய் என்றார்.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல்.
செண்டைக்காரப் பையன் பிரஜீஷ் பிடித்துப் போனான்.
திரும்பி வந்தவனிடம் கேட்டேன்: பாலம்?
எந்தப் பாலம், சேச்சி? என்றான்.

மறுநாளும் அவன் போனான். அவள் நிற்கவில்லை.
மூன்றாம் நாள் சூசை. நிற்கவில்லை.
நான்காம் நாள் நான்.
நின்றாள்.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன்.
கயிற்றை ஒரு சாண் உள்ளே இழுத்துச் சுருட்டியிருந்தேன்.
பல் கிட்டியிருந்தது.
மூச்சை எங்கோ பின்னால்,
அந்தப் பனைமரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால்
உடுமலையிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து
இந்தப் பாலத்தில்தான் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்,
முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊருக்குள் நடக்க.
அதெல்லாம் மறந்தாச்சு என்று
ஜமாத்திடம் சொன்னேன், அம்மாவிடம் சொன்னேன்,
என்னிடமும் சொல்லி வைத்திருந்தேன்.
குதிரையிடம் சொல்ல விட்டுப்போயிற்று.

ஈ உட்கார்ந்தாலே அந்த ஒரு இடம் மட்டும் சிலிர்க்கிற தோல்.
கயிற்றின் இந்த முனையில் ஒருத்தி இறுகுவதா தெரியாது?
அவளுக்குத் தெரிந்ததெல்லாம்
இந்த மனுஷி இங்கே எதையோ பார்த்துப் பயப்படுகிறாள்,
அப்படியானால் இங்கே ஏதோ இருக்கிறது.

கணவாய்க் காற்று சும்மா அடித்துக்கொண்டிருந்தது.
கயிற்றைத் தளர்த்தினேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்தேன்.
அழவில்லை; அதற்கு ரோட்டில் ஆள் அதிகம்.
மூச்சு மட்டும் தானாக வெளியே போனது, நீளமாக.
அவள் தலையைத் தாழ்த்தினாள்,
உதட்டை நக்கினாள், வெறும்வாயை மென்றாள்,
பாலத்தின் நட்டநடுவில் சாணி போட்டாள்.
பிறகு என்னைக் கேட்காமலே நடந்தாள்.

கல்யாண வீட்டுக்கு முக்கால் மணி நேரம் லேட்.
மாப்பிள்ளை ஜரிகைத் தலைப்பாகையோடு ஏறினான்,
முட்டி இரண்டையும் இடுக்கியாக இறுக்கி,
போட்டோவுக்கு மட்டும் சிரித்துக்கொண்டு.
அவள் அசையவில்லை.
ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

நான் போய் அவன் செருப்பு நுனியைத் தட்டிச் சொன்னேன்:
மூச்சு விடுங்க, தம்பி.