இருபத்தேழு தசம் இரண்டு

கொழும்பில் இருப்பவருக்கு ஒரே கேள்விதான்:
அசலா?
நாலு படம், ஒரு விலை, இரவுக்குள் பதில்.

முஸம்மில் அதைப் பழைய இரும்போடு ஏற்றி வந்தவர்.
"வெள்ளைக்கார நேவி ஒஃபிசர் ஓடினது, தங்கச்சி. ரேஸ் சைக்கிள்."
பாலையூற்றில் வந்து இறங்கும் துருவெல்லாம்
ஒரு காலத்தில் நேவி ஒஃபிசருடையதுதான்.
எங்கள் பட்டறை வாங்கு உட்பட.

முதலில் சுண்டிப் பார்த்தேன், தேங்காய்க்குச் சுண்டுவதுபோல.
தடித்த குழாய் டொக் என்று வாயை மூடிக்கொள்ளும்.
இது கொஞ்சநேரம் பேசியது.

றிம்மில் காந்தம் ஒட்டவில்லை. நல்லது.
முன்கவை வேறு வீட்டுப் பிள்ளை,
பாண் வண்டி எதிலிருந்தோ கழற்றிப் பூட்டிய கனம்.
தலைக்குழாயில் சின்னம் இல்லை,
மேலும் கீழுமாய் இரண்டு ஆணித்துளை மட்டும்.
இடைவெளி அறுபத்துநாலு மில்லிமீற்றர்.
எழுதிக்கொண்டேன்.

சீற் தண்டு துருவோடு துருவாய்ப் பிடித்துக் கிடந்தது.
மூன்று நாள் மண்ணெண்ணெய் ஊற்றி
நாலாம் நாள் திருகினேன்.
பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்குமளவு கத்தி
வெளியே வந்தது.
துடைத்து, வேர்ணியரை வைத்தேன்.

இருபத்தேழு தசம் இரண்டு.

இருபத்தாறு என்றால் சந்தைக்குப் போய்வருகிற சைக்கிள்.
மிச்ச மில்லிமீற்றரும் சொச்சமும்
மெல்லிய குழாய்க்கென்று எவரோ எண்ணிக் கொடுத்த காசு.
அந்தச் சொச்சத்துக்குத்தான்
கொழும்பு விழித்திருக்கிறது.

தண்டில் மூன்று வளையம், மூன்று உயரத்தில்.
ஆக மேலே நீளக் கால்காரன்; அது ஒஃபிசராகவே இருக்கட்டும்.
நடுவில் யாரோ, அதிக நாள் இல்லை.
ஆகக் கீழ் வளையம்தான் ஆழம்.

சீற்றடியில் நகத்தால் கீறினால் சிவப்பு,
சிவப்புக்குள் நீலம், நீலத்துக்குள் சாம்பல்,
அதற்கும் உள்ளே நூலளவு ஒரு பொன்கோடு.
பின்கவையில் நகரசபைத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாய்:
எழுபத்தொன்பது, எண்பது, எண்பத்தொன்று, எண்பத்திரண்டு.
அதற்குமேல் இல்லை,
ஆணிக்கு இடம் இருந்தும்.

படம் எடுக்க வெயிலில் சாய்த்தபோது
தெருவோடு வந்த மான் ஒன்று நின்று
ஹாண்டிலை நக்கியது. விரட்டினேன், திரும்பி வந்து நக்கியது.
'உப்பரிப்பு உண்டு' என்று சேர்த்தேன்.

கடைசியாகக் கவிழ்த்தேன்.
பெடல் அச்சுப் பெட்டியின் அடியில்
கொம்பனி குத்திய ஐந்து இலக்கம்.
அதன் கீழே ஆணியால், புள்ளி புள்ளியாய்,
வி. நாகபூசணி.

உருண்டை இரும்பில் எழுதுவது லேசில்லை,
ஆணி வழுக்கும்.
ண-வுக்கு மூன்று சுழி.
ஒன்றும் குறைக்கவில்லை அவள்.

படம் போய்ச் சேர்ந்த மறுநிமிடம் அழைப்பு.
"அந்தப் பெயரை நிரப்பி மினுக்கேலாதா?"
"ஏலாது. அந்த இடத்தில் குழாய் நல்ல மெல்லிசு" என்றேன்.

முழுச் சைக்கிளிலும் ஆகத் தடித்த இடம் அதுதான்.

பிறகு விலை பேசவில்லை அவர்.
யோசித்துச் சொல்கிறேன் என்றார், சொல்லவில்லை.

முஸம்மில் என்னைத் திட்டவும் இல்லை.
தண்டைத் திரும்பப் பூட்டித் தரச் சொன்னார்.
எந்த வளையத்தில் என்று கேட்டேன்.
ஆளும் குள்ளம்தான்.
கிண்ணியாவுக்கு அதிலேயே போனார்.

காலையில் ஃபோன்:
"மூன்றாம் பல்லில் செயின் பாயுது, தங்கச்சி.
பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன்."

அறிக்கையில் அதுதான் விடுபட்டிருந்தது.