கால் காசு

உட்லண்ட்ஸ் கிடங்கிலிருந்து ஏழு மணிக்கு லோரியை எடுப்பேன்.
காலையில் கடைகள். மதியத்துக்கு மேல் பள்ளிகள், கல்லூரிகள்.
கடைக்குப் போகும் பெட்டிக்கு விலை உண்டு.
கல்லூரிக்குப் போகும் பெட்டிக்குச்
சீட்டின் கடைசிக் கட்டத்தில்
ஒரு பூஜ்யம் மட்டும்.

பீஷான் பக்கம் ஒரு ஜூனியர் கல்லூரி.
கூடைப்பந்துத் திடலோரம் பயிற்றுநர் ஹெங்
பெட்டிகளை எண்ணிக் கையெழுத்துப் போடுவார்.
பன்னிரண்டு பையன்கள், பதின்மூன்று ஜோடி.
பதின்மூன்றாவது, அளவு பதினான்கு.
"இது யாருக்கு?" என்றேன் ஒருநாள், சும்மா.
"அடுத்த வருஷம் வருவான்."
சப்பாத்து வந்துவிட்டது,
கால் இனிமேல்தான் வரவேண்டும்.

கால் ஈசூனில் இருந்தது.
மார்ச்சில் அந்த முகவரியும் என் பட்டியலில் ஏறியது,
பதினெட்டாம் வரி:
யுகேந்திரன், ஒன்பதாம் மாடி, உயர்நிலை நான்கு.
கதவைத் திறந்தவர் அவன் அப்பா சௌந்தரபாண்டியன்,
இரவுக் காவல் முடிந்த சிவந்த கண்,
பாதி கழற்றிய சீருடை.
"எவ்வளவு கட்டணும்?"
"ஒன்றுமில்லை, கையெழுத்து போதும்."
"ஒன்றுமில்லாததுக்கு எதுக்குக் கையெழுத்து?"
எனக்குத் தெரியவில்லை.
அவர் போட்டார்.
உள்ளே பையன் எழுந்து நின்றான்.
மின்விசிறிக்குத் தலையைச் சாய்க்கும் பழக்கம்
அவனுக்கு அதற்குள் வந்திருந்தது.

அப்புறம் மாதம் ஒரு பெட்டி.
சப்பாத்து, காலுறை, பயணப்பை,
பையில் அவன் பெயர் தைத்து, ஓர் எழுத்து பிழையாக.
கீழே கோப்பிக் கடையில்
கம்பெனி ஆள் மிஸ்டர் கோ
அவன் அப்பாவுக்குத் தே ஹாலியா வாங்கித் தந்ததைப் பார்த்தேன்.
அடுத்த மேசையில் என் நாசி லெமாக் ஆறிக்கொண்டிருந்தது.
அமெரிக்கா என்ற சொல் இரண்டு தடவை கேட்டது.
பீஷான் என்ற சொல் பல தடவை.
தெம்பனிஸில் இன்னொரு கல்லூரி கேட்கிறதாம்,
அங்கே வேறு கம்பெனிச் சப்பாத்து.
மிஸ்டர் கோ சிரித்தார்:
"உங்க பையன் இஷ்டம்தான், அங்கிள்.
ஆனா காலுக்கு எது பழகியிருக்குன்னு பாருங்க."

ஆகஸ்டில் தோ பாயோவில் ஓர் ஆட்டம்.
நான் பார்க்கவில்லை.
குதித்தவன் யாருடைய பாதத்தின் மேலோ இறங்கினானாம்.
திங்கட்கிழமை பட்டியலில்
பதினெட்டாம் வரியில் செங்காங் கடை இருந்தது.
எனக்குச் செய்தி வந்தது அப்படித்தான்.

செப்டம்பரில் முகவரி திரும்ப வந்தது,
வேறு நிறச் சீட்டில்:
எடுத்து வரவும்.
இரண்டு ஜோடி. பயன்படுத்தாதவை மட்டும்.

அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டியிருந்தான்,
முழங்கால் வரை கட்டு.
என்னைப் பார்த்து, "அண்ணே, லிஃப்ட் வேலை செய்யுதா?" என்றான்.
செய்யுது என்றேன்.
அதற்கு மேல் எங்களிடம் பேச்சு இல்லை.
அப்பா பெட்டிகளைத் துடைத்து,
உள்தாளைப் பழையபடி மடித்து வைத்து நீட்டினார்.
"நாங்க கால் காசு வாங்கல தம்பி.
அதையும் எழுதிக்குங்க."
சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே கேட்டிருக்க வேண்டும்.
பையனின் பாதத்தைப் பார்த்தார்.
பிறகு ஜன்னலை.

லோரியில் உட்கார்ந்து சீட்டை நிரப்பினேன்.
திரும்பப் பெறும் காரணம், ஒன்றைக் குறிக்கவும்:
அளவு தவறு. நிறம் தவறு. பழுது.
பெறுநர் இல்லை.
பழுது என்பதன் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது.
எதையும் குறிக்கவில்லை.
ஓரத்தில் தமிழில் எழுதினேன்,
பெறுநர் இருக்கிறார்,
ஒன்பதாம் மாடி.

கிடங்கில் அதைப் படிக்க யாருமில்லை.
கறையென்று நினைத்து
மேலே முத்திரை குத்தினாள் அங்கிருந்த பெண்.
பெட்டிகள் அலமாரிக்குப் போயின,
அளவு பதினான்கு, இரண்டு ஜோடி.
சுவா சூ காங்கில் ஒரு பையன் வளர்கிறானாம்.
இப்போதைக்குப் பன்னிரண்டரை.