கூடைக்கு ஒன்றேகால் கழித்து

முகுந்தராயர் சத்திரத்தோடு தார் முடிந்துவிடும்.
அதற்கப்பால் ஆம்புலன்ஸ் வராது. போன மாதம் வந்து
அச்சுவரை புதைந்து கிடந்ததை
இன்னும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார்கள்.
ஆகவே கித்தேரியானின் மீன் வண்டி.
பின்னால், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே
நான், சலைன் பாட்டில்கள், பஞ்சு,
தாசில்தார் ஆபீஸ் கடுதாசி ஒன்று.

நாலாம் திட்டில் இறக்கி
இதுதான் இந்தியா, நடந்து போங்கள் என்று சொல்லிவிட்டுப்
படகுக்காரன் திரும்பிவிட்டானாம்.
நடந்து பார்த்திருக்கிறார்கள்.
எந்தப் பக்கம் நடந்தாலும் தண்ணீர்.
இரண்டு பகல், ஓர் இரவு,
ஏழு பெண்கள், ஒன்பது பிள்ளைகள்,
ஒரே ஒரு சோடாப் போத்தலில் குடிதண்ணீர்.

வத்தையில் ஏற்றிக் கரை சேர்த்தவர்கள்
வலைக்குப் போன பையன்கள்தான்.
அன்றைய பாடு போச்சே என்று யாரும் முனகவில்லை.
ஒருவன் முனகினான், டீசலுக்காக.
அது நியாயம்தான்.

"மிஸி" என்றாள் ஒருத்தி.
யாரையோ என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான்.
"மிஸி, இவனுக்கு வருத்தம்."
யாருக்குத்தான் இல்லை தாயே என்று
வாய்வரை வந்துவிட்டது.
பிறகுதான் பையனைப் பார்த்தேன்.
கண் குழிந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால்
கிள்ளியபடியே நின்றது.
"சத்தி மிஸி, நேற்றிலிருந்து ஒரே சத்தி."
முப்பது கிலோமீட்டர் தண்ணீர்தான் நடுவில்.
அந்தப் பக்கம் சத்தி என்றால் வாந்தி,
வருத்தம் என்றால் நோய்.
பதினெட்டு வருட சர்வீஸில்
எந்த ட்ரெய்னிங்கிலும் இதைச் சொல்லித் தரவில்லை.

எடை தெரியாமல் ஏற்றக்கூடாது.
கித்தேரியான் மீன் தராசை இறக்கினான்.
கொக்கியில் கூடை, கூடையில் அவன் தலைத்துண்டு,
துண்டின்மேல் பிள்ளை.
முள் ஆடி ஆடி நின்றது, பன்னிரண்டேகாலில்.
"கூடைக்கு ஒன்றேகால் கழிங்க சிஸ்டர்.
யாவாரி ரெண்டு கழிப்பான். நெசம் இதுதான்."
பதினொன்று. நாலு வயசுக்குப் பதினொன்று.
கிலோவுக்கு முப்பது மில்லி, முதல் அரை மணிக்கு.
மணலில் பெருக்கினேன்,
காற்று ஒரு சைபரைத் தின்றது.
மறுபடி உள்ளங்கையில்: முந்நூற்று முப்பது.

மூன்றாவது குத்தில்தான் நரம்பு கிடைத்தது.
அப்போதுதான் விசாரணைக்காரர் வந்தார்,
மடிப்புக் கலையாத சட்டை, நீள நோட்டு.
பெயர், ஊர், புருஷன் எங்கே,
எந்தப் படகு, எவ்வளவு கொடுத்தாய்.
"சார், இந்தப் பாட்டிலைக் கொஞ்சம்
உசத்திப் பிடிங்க" என்றேன்.
பிடித்தார். நோட்டு கக்கத்தில்.
அரை மணி நேரம் கை மாற்றி மாற்றிப் பிடித்தார்.
பிள்ளை மூத்திரம் போனபோது
அவர் ஷூவும் நனைந்தது, ஒன்றும் சொல்லவில்லை.
பாட்டில் தீர்ந்ததும் கேள்விகளைக் கேட்டார்.
ஒன்றுவிடாமல் கேட்டார்.

தள்ளி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்,
கடலைப் பாராமல், வண்டிச் சக்கரத்தைப் பார்த்து.
சட்டையின் முன்புறம் இரண்டு வட்டமாக நனைந்திருந்தது.
கடல்தண்ணீர் என்று நினைத்தேன்.
கடல்தண்ணீர் காய்ந்தால் உப்புப் பூக்கும்.
இது காய்வதும் நனைவதுமாக இருந்தது.
பிள்ளை எங்கே என்று கேட்கக் குனிந்தவள்
கேட்காமல் நிமிர்ந்தேன்.
"நோகுது மிஸி" என்றாள், மெதுவாக.
கல்லாய்க் கட்டியிருந்தது மார்.

இதற்கு என் பையில் மருந்தில்லை.
ஐஸ் பெட்டியைத் திறந்து
விளமீனை ஒதுக்கிவிட்டு ஒரு பாளம் உடைத்தேன்.
துணியில் சுற்றிக் கொடுத்தேன்.
மீன் வாடை என்றேன்.
பரவாயில்லை என்றாள்.
அவள் வைத்துக்கொள்ளவில்லை, நானே வைத்துப் பிடித்தேன்,
மண்டபம் வரைக்கும், வண்டி குலுங்கக் குலுங்க.
உருகி என் சேலையெல்லாம் தண்ணீர்.

சாயங்காலம் பதிவேடு எழுதினேன்.
யோகமலர். இருபத்திரண்டு. பேசாலை.
நோய் என்ற கட்டத்தில்
வருத்தம் என்று எழுதினேன்.

டாக்டர் சிவப்பு மையில் சுழித்திருக்கிறார்,
ஒழுங்காக எழுதவும் என்று.
இன்னும் எழுதவில்லை.