புதினா வயலுக்குள் போன கோடு

ஜூன் பிறந்தால் இந்தப் பள்ளத்தாக்கில்
காற்றுக்கே மஞ்சள் பூசிவிடும்.
ஓரிகனில் எங்கள் ஊர்க்காரர்கள் விளைவிப்பது புல்.
கால்பந்து மைதானத்துக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும்
யாரோ ஞாயிறுதோறும் மழித்துவிடும் வீட்டு முற்றத்துக்கும்
விதை தருகிறவர்கள்
மூக்கைச் சிந்தியபடி என் மருந்துக்கடைக்கு வருகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை,
கடை திறக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே
ஆர்வில் டென்புரூக் வந்து நின்றார்.
காகிதப் பையை மேடையில் கவிழ்த்தார்:
இளஞ்சிவப்பு மாத்திரை அட்டை,
நிலாப் படம் போட்ட வலி மாத்திரை டப்பா,
ரத்த அழுத்தத்துக்கு மருத்துவர் எழுதியது,
மூக்கடைப்புக்கு மச்சான் கொடுத்தது,
பாதி உறிஞ்சிய ஆரஞ்சுச் சாறு.
"இதுகளெல்லாம் உள்ளே போய்
ஒன்றோடொன்று பேசிக்கொள்ளுமா?"

இங்கே புல் அறுப்பு ராத்திரியில்தான்.
வெயிலில் தொட்டால் விதை கொட்டிப்போகும்.
பனி இறங்கட்டும் என்று காத்திருந்து
பத்து மணிக்குத் தும்மலுக்கு இரண்டு மாத்திரை,
முழங்காலுக்கு நிலா டப்பாவிலிருந்து இரண்டு,
ஒரு பீர் ("ஒன்றே ஒன்று, சத்தியமாக"),
பிறகு வண்டியில் ஏறியிருக்கிறார்.

"தூங்கவில்லை நான்.
கண் திறந்துதான் இருந்தது.
ஆள்தான் இல்லை."

அறுப்பு இயந்திரம் ஆளில்லாமல் போய்
வேலியில்லாத எல்லையைத் தாண்டி
லுடெல்லா கிராஸின் புதினா வயலுக்குள்
கோணலாய் ஒரு கோடு கிழித்திருக்கிறது.
நாற்பத்தோரு அடி. லுடெல்லா அளந்துவிட்டாள்.
அதற்கப்பால் வாய்க்கால்.

எழுப்பியது வாசனையாம்.
மூன்று வாரமாய் எதையும் முகராத மூக்கில்
வெட்டுப்பட்ட புதினா ஏறியிருக்கிறது.
ஆக, மருந்து தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.
அதைக் குற்றம் சொல்லி என்ன?

இரண்டு டப்பாக்களையும் குப்புறத் திருப்பினேன்.
முன்னால் வேறு வேறு முகம், வேறு வேறு விலை.
பின்னால், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில்,
ஒரே பெயர்.
அவர் கண்ணாடியைத் தேடினார். என்னுடையதைக் கொடுத்தேன்.
நெடுநேரம் பார்த்தார்,
இரண்டு ஊரில் இரண்டு பெயரில் வாழ்ந்த ஒருவனை
ஒரே திருமணத்தில் பார்த்துவிட்டவர்போல.

"ஒருத்தனையே இரண்டு முறை விழுங்கியிருக்கிறேன்."
"ஆமாம். அவனோடு பீரையும் உட்காரவைத்திருக்கிறீர்கள்."

மச்சான் கொடுத்ததை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.
அடைத்த மூக்கைத் திறக்கிற அந்த மாத்திரை
நீங்கள் காலையில் இறக்கிவைக்கிற அழுத்தத்தை
மத்தியானம் மறுபடி தூக்கிவைக்கும் என்றேன்.
அவ்வளவாகத் தூக்கம் தராத வேறொன்றைக் கொடுத்தேன்.
தினம் ஒன்று. தண்ணீரோடு. பழச்சாறு கூடாது,
சாறு இதை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும்.
முதல் இரண்டு நாள் வண்டியைத் தொடாதீர்கள்,
உங்கள் உடம்பு இதற்கு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.
புதிதாக எதை வாங்கினாலும் பின்பக்கம் படியுங்கள்.
புரியாவிட்டால் கூப்பிடுங்கள்.

"பீர்?"
"அறுப்பு முடியட்டும். அப்போது வந்து கேளுங்கள்."
அவருக்குப் பிடிக்கவில்லை.
சாற்றை மட்டும் குப்பையில் போட்டுவிட்டு,
என் கண்ணாடியோடு போய்விட்டார்.

லுடெல்லா அனுப்பிய ரசீதில்
நாற்பத்தோரு அடிக்கும் கணக்கு இருந்ததாம்.
கூடவே ஒரு கட்டுப் புதினா,
அவர் வெட்டியதேதான்.

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதே முக்கால்.
தொலைபேசி.
பின்னால் எங்கோ தவளைச் சத்தம்,
இயந்திரம் இன்னும் உயிர்பெறவில்லை.
"இருமல் மருந்து வாங்கினேன். வாசிக்கிறேன், கேள்" என்றார்.
மணலில் விரலால் எழுதுகிற பிள்ளையின் வேகத்தில்
"டை... ஃபென்... ஹைட்..."

"போதும், ஆர்வில்.
மூடியைத் திருகி வைத்துவிடுங்கள்."

"மீதியையும் வாசித்துவிடுகிறேனே," என்றார்.
"உன் கண்ணாடி நன்றாகத் தெரிகிறது."